பாட்டன் செய்த எஞ்சினும் பேரன் விட்டுச் சென்ற தொழிலும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. வரலாறு பிடிக்காதவர்களும் கடைசிவரை வாசியுங்கள். முடிவில் நம்முடைய பிள்ளைகள் பற்றிய ஒரு கேள்வி இருக்கிறது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவது என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது சவூதி, கட்டார், டுபாய். ஆனால் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர், விக்டோரியா மகாராணியின் காலத்தில், உலகம் முழுக்க வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் ஆங்கிலேயப் பொறியியலாளர்கள்தான். புகையிரதம் என்ற புதுத் தொழில் அவர்கள் கையில் இருந்தது. ஆர்ஜென்டினா, இந்தியா, எகிப்து, யப்பான் என்று தண்டவாளம் விழுந்த இடமெல்லாம் அவர்கள் போனார்கள். அப்படிப் போன ஒரு குடும்பத்தின் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

குடும்பத்தின் பெயர் ட்ரெவிதிக். மூத்தவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கோர்ன்வால் பகுதியில் 1771இல் பிறந்தவர். அங்கே தகரமும் செம்பும் எடுக்கும் சுரங்கங்கள் அதிகம். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை இறைக்க நீராவி எஞ்சின் தேவைப்பட்டது. அந்த எஞ்சின்களோடு வளர்ந்த மனிதர் இவர்.

அக்காலத்து நீராவி எஞ்சின் ஒரு வீடளவு பெரியது. அதைச் சில்லு மேல் ஏற்ற முடியாது. நீராவியின் அழுத்தத்தைக் கூட்டினால் எஞ்சினைச் சிறிதாக்கலாம், சிறிதானால் அதையே ஓட வைக்கலாம் என்று கண்டவர் ட்ரெவிதிக். கொதிகலன் வெடித்துவிடும் என்று பலர் பயந்தார்கள். அவர் விடவில்லை. 1804 பெப்ரவரி 21ஆம் திகதி, வேல்ஸ் நாட்டின் பெனிடரன் இரும்பாலையிலிருந்து அவருடைய எஞ்சின் பத்துத் தொன் இரும்பையும் எழுபது பேரையும் இழுத்துக்கொண்டு ஒன்பது மைலுக்கு மேல் ஓடியது. தண்டவாளத்தின் மேல் நீராவியால் ஓடிய முதல் எஞ்சின் என்று வரலாற்றில் பதிவானது அதுதான். நாம் பாடப் புத்தகத்தில் படித்த ஜோர்ஜ் ஸ்டீபன்சனின் பெயர் எடுபட்டது அதற்குப் பல வருடங்கள் கழித்து.

ஆனால் அந்த எஞ்சினால் ட்ரெவிதிக்குக்குப் பணம் வரவில்லை. எஞ்சினின் பாரத்துக்கு வார்ப்பிரும்புத் தண்டவாளம் உடைந்தது. 1816இல் அவரும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினார். பெரு நாட்டின் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போனார். அங்கே விடுதலைப் போர் மூண்டது, சேர்த்ததெல்லாம் போனது. 1827இல் ஊர் திரும்பும் வழியில், கார்த்தகேனா துறைமுகத்தில் ஜோர்ஜ் ஸ்டீபன்சனின் மகன் ரொபர்ட்டைச் சந்தித்தார். அந்த இளைஞர் கொடுத்த ஐம்பது பவுணில்தான் பயணத்தைத் தொடர்ந்தார். 1833இல் டார்ட்ஃபோர்ட் என்ற ஊரில், ஒரு தங்குவிடுதியில் ஏழையாக இறந்தார். கூட வேலை செய்தவர்கள்தான் அடக்கச் செலவைப் பார்த்தார்கள்.

அவருடைய மகன் பிரான்சிஸ், இங்கிலாந்தின் மிகப் பெரிய புகையிரதப் பட்டறைகளில் ஒன்றான க்ரூ பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தார். 1857இல் அந்தப் பதவி அவர் கையை விட்டுப் போனது. ஓய்ந்திருந்த காலத்தில் தன் தந்தையின் வரலாற்றை எழுதி 1872இல் வெளியிட்டார். அதே 1872இல்தான் உலகத்தின் மறுமுனையில், ஷிம்பாஷிக்கும் யொகஹாமாவுக்கும் இடையில் யப்பானின் முதல் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. தாத்தாவின் கதையைத் தந்தை எழுதி முடித்த வருடம், பேரன்மார் வேலை செய்யப்போகும் இடம் தயாரான வருடமாகவும் அமைந்தது.

பிரான்சிஸின் பிள்ளைகளில் மூவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரிச்சர்ட் பிரான்சிஸ், பிரான்சிஸ் ஹென்றி, பிரடெரிக் ஹார்வி. மூவருமே எஞ்சின் பொறியியலாளர்கள். முதல் இருவரும் யப்பானில் வேலை செய்தார்கள். மூன்றாமவர் எகிப்தில். இந்த இடத்தைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் யப்பானைப் பார்ப்போம்.

யப்பான் 1870இல் புகையிரதம் போடத் தொடங்கியபோது அவர்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை. எஞ்சின் இங்கிலாந்திலிருந்து வந்தது. தண்டவாளம் இங்கிலாந்திலிருந்து வந்தது. சாரதியும் இங்கிலாந்திலிருந்தே வந்தார். தலைமைப் பொறியியலாளராக வந்த எட்மண்ட் மோரல் என்ற இளைஞர் ஒரு நல்ல ஆலோசனை சொன்னார். சிலிப்பர் கட்டைகளை ஏன் இரும்பில் வெளியிலிருந்து எடுக்கிறீர்கள், உங்கள் நாட்டில்தான் மரம் இருக்கிறதே என்றார். உங்கள் பிள்ளைகளுக்குப் பொறியியல் கற்பிக்க ஓர் இடத்தை உண்டாக்குங்கள் என்றும் சொன்னார். பாதை திறப்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1871 நவம்பரில் காசநோயால் இறந்தார். யொகஹாமாவில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது.

வெளிநாட்டாருக்கு யப்பான் கொடுத்த சம்பளத்தைக் கேட்டால் தலை சுற்றும். புகையிரத நிர்வாகத்துக்கு வந்த வில்லியம் கார்கில் என்பவருக்கு மாதம் 2000 யென். அந்த நாட்டு அரசாங்கத்தின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவருக்கே மாதம் 800 யென்தான். 1870களின் நடுப்பகுதியில் இப்படி நூற்றுக்கும் அதிகமான வெளிநாட்டார் யப்பானியப் புகையிரதத்தில் வேலை செய்தார்கள்.

இவ்வளவு காசைக் கொட்டிய நாடு அதற்குப் பதிலாக எதை வாங்கியது? இங்கேதான் இனோவே மசாரு என்ற மனிதர் வருகிறார்.

1863இல், நாட்டை விட்டு வெளியேறினால் மரண தண்டனை என்ற சட்டம் இருந்த காலத்தில், ஐந்து யப்பானிய இளைஞர்கள் இரகசியமாகக் கப்பலேறி லண்டனுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் இனோவே. வயது இருபது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தார். சுரங்கத் தொழிலையும் புகையிரதத்தையும் கற்றார். 1868இல் நாடு திரும்பினார். பின்னர் புகையிரதத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

வெளிநாட்டார் மேல் அவருக்கு வெறுப்பு இல்லை. அவர்களிடம் படித்தவர்தானே. ஆனால் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒவ்வொரு வெளிநாட்டாருக்கும் பக்கத்தில் ஒரு யப்பானியர் நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் தொழிலைப் பிடித்த பிறகு வெளிநாட்டார் ஊருக்குப் போகலாம். 1877இல் ஒசாக்காவில், புகையிரதப் பொறியியல் கற்பிக்க ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். மூன்றே வருடத்தில், 1880இல், கியோத்தோவுக்கும் ஒட்சுவுக்கும் இடையில் இருந்த மலையைக் குடைந்து ஒரு சுரங்கப் பாதையை யப்பானியரே முடித்தார்கள். நீளம் 660 மீற்றருக்கு மேல். இதற்கிடையில் 1879இல் முதலாவது யப்பானியச் சாரதிகள் எஞ்சினில் ஏறிவிட்டார்கள். 1880களின் இறுதிக்கு வரும்போது, நூற்றுக்கு மேல் இருந்த வெளிநாட்டார் தொகை இருபதுக்கும் கீழே இறங்கியிருந்தது.

இந்த நேரத்தில்தான் நம்முடைய ட்ரெவிதிக் சகோதரர்கள் படத்துக்குள் வருகிறார்கள். தம்பி பிரான்சிஸ் ஹென்றி 1876இலேயே யப்பானுக்கு வந்துவிட்டார். பிற்காலத்தில் ஷிம்பாஷி பட்டறை அவர் பொறுப்பில் இருந்தது. அண்ணன் ரிச்சர்ட் பிரான்சிஸ் 1888இல் வந்து கோபே பட்டறையைப் பொறுப்பெடுத்தார். வெளிநாட்டார் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் உள்ளே வந்தவர் இவர். தன்னுடைய கதிரையும் ஒருநாள் காலியாகும் என்று தெரிந்துகொண்டே வேலை செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பட்டறை என்றால் பழுது பார்க்கும் இடம். கழன்றதைப் பூட்டுவது, தேய்ந்ததை மாற்றுவது. அதோடு நின்றிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, பழுது பார்க்கும் இடத்தில் ஒரு முழு எஞ்சினைச் செய்து முடிக்கலாம் என்று இறங்கினார். 1893இல் கோபே பட்டறையிலிருந்து அந்த எஞ்சின் வெளியே வந்தது. யப்பான் மண்ணில் செய்யப்பட்ட முதல் புகையிரத எஞ்சின் அதுதான். பிற்காலத்தில் அதற்கு 860 என்ற வகை இலக்கம் கொடுத்தார்கள். உலகின் முதல் புகையிரத எஞ்சினைப் பாட்டன் செய்தார். யப்பானின் முதல் எஞ்சினைப் பேரன் செய்தார்.

எஞ்சினைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண எஞ்சினில் நீராவி உருளைக்குள் போய், தள்ளுத்தண்டை ஒருமுறை தள்ளிவிட்டுப் புகைபோக்கியால் வெளியே போய்விடும். போகும் நீராவியில் இன்னும் சக்தி மிச்சம் இருக்கும். இந்த எஞ்சினில் இரண்டு உருளைகள், ஒன்று சிறியது, மற்றது பெரியது. சிறியதில் வேலை செய்த நீராவியை விடாமல் பெரியதுக்குள் அனுப்பி இன்னொரு தடவை வேலை வாங்குவார்கள். நம் வீடுகளில் தேங்காய்ப்பூவை ஒருமுறை பிழிந்து முதற்பால் எடுத்த பிறகு, அதே பூவில் திரும்பவும் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுப்பதில்லையா, அதே சங்கதிதான். நிலக்கரி மிச்சமாகும்.

இதில் மறைக்கக் கூடாத ஒரு விடயமும் உண்டு. சில்லுகள், அச்சுகள், உருக்குத் தகடுகள், குழாய்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்துதான் வந்தன. திட்டமும் ஆங்கிலேயருடையது. அப்படியானால் இதை யப்பானிய எஞ்சின் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் இரும்பில் இல்லை, அதைத் தொட்ட கைகளில் இருக்கிறது. மோரி ஹிகோசோ, ஓட்டா யொஷிமட்சு போன்ற யப்பானியர் அந்த வேலையில் ட்ரெவிதிக்கோடு நின்றார்கள். எந்தத் தகட்டை எப்படி வளைப்பது, எந்த இடத்தில் ஒரு மயிரிழை பிசகினால் நீராவி கசியும் என்பதெல்லாம் புத்தகத்தில் முழுதாக வராது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். மேசன் பாஸிடம் கையாளாக நின்று தொழில் பழகியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

1897இல் தம்பி யப்பானை விட்டுப் போனார். 1904இல் அண்ணனும் போனார். இங்கிலாந்து திரும்பிய ரிச்சர்ட் பிரான்சிஸ் 1913இல் இறந்தார்.

அவர் போன பிறகு கோபே பட்டறை மூடப்படவில்லை. யப்பானியர் கையிலேயே தொடர்ந்தும் எஞ்சின்கள் உருவாயின. இனோவே மசாரு புகையிரதப் பதவியை விட்ட பின்னர், 1896இல் ஒசாக்காவில் எஞ்சின் செய்யும் கம்பனி ஒன்றை ஆரம்பித்திருந்தார். 1911இல் யப்பான் இங்கிலாந்து, ஜேர்மனி, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் புதுவகை எஞ்சின்களை எடுத்தது. ஓட்டுவதற்கு மட்டுமல்ல, பார்த்துப் படிப்பதற்கும்தான். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் அவர்களே வரைந்து அவர்களே செய்த 9600, 8620 வகை எஞ்சின்கள் நூற்றுக்கணக்கில் ஓடத் தொடங்கின. அதன் பிறகு நீராவி எஞ்சினுக்காக வெளிநாட்டிடம் கை நீட்டும் தேவை அவர்களுக்கு ஏறக்குறைய இல்லாமல் போனது. அக்காலத்து எஞ்சின் பொறியியலாளர்களில் முதன்மையானவர் ஷிமா யசுஜிரோ. அவருடைய மகன் ஷிமா ஹிதேயோதான் 1964இல் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் அதிவேகப் புகையிரதத்தின் தலைமைப் பொறியியலாளர்.

அந்த முதல் எஞ்சின் இன்று இல்லை. யப்பான் ரஷ்யாவோடு போர் செய்து பிடித்த சகாலின் தீவின் தென்பகுதிக்கு அதைக் கொண்டுபோனார்கள். அங்கேயே 1929இல் சேவையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு நூதனசாலையில்கூட அதைப் பார்க்க முடியாது. கற்ற தொழிலை யப்பான் பிறர் நாட்டைப் பிடிக்கவும் பயன்படுத்தியது என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் விடக் கூடாது. தொழில் யாருக்கும் நல்லொழுக்கம் கற்பிப்பதில்லை. அது வேறு பாடம்.

இனி எகிப்துக்கு வருவோம். மூன்றாவது சகோதரர் பிரடெரிக் ஹார்வி ட்ரெவிதிக், எகிப்து அரச புகையிரதத்தின் தலைமை இயந்திரப் பொறியியலாளராக நீண்டகாலம் இருந்தார். அவரும் கெட்டிக்காரர். புகைபோக்கியால் வீணாகப் போகும் சூட்டை எடுத்து, கொதிகலனுக்குள் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் முறைகளை அங்கே பரீட்சித்துப் பார்த்தார். ஒரே குடும்பம், ஒரே இரத்தம், ஒரே தொழில்.

எகிப்துக்கு யப்பானை விட முன்பே புகையிரதம் வந்துவிட்டது. அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோ வரை 1856இலேயே பாதை இருந்தது. யப்பானுக்குப் பதினாறு வருடம் முன்னர். ஆனால் எகிப்து கடனில் மூழ்கியது. 1876இல் புகையிரத நிர்வாகமே கடன் கொடுத்தவர்களின் நலனைப் பார்க்கும் ஒரு சபையின் கைக்குப் போனது. புகையிரத வருமானம் கடனுக்குப் போனது. 1882இல் ஆங்கிலேயப் படை உள்ளே வந்தது. அதன் பிறகு வந்த பொறியியலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரை நியமித்தது யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு விடை வேறாகிவிட்டது. நீ எப்போது போவாய், போகும்போது யாரிடம் சாவியைக் கொடுப்பாய் என்று கேட்கும் இனோவே மசாரு அங்கே இருக்கவில்லை. இருந்திருந்தாலும் கேட்கும் அதிகாரம் அவர் கையில் இருந்திருக்காது.

இந்தியாவிலும் இதே பாடம்தான். 1895இல் அஜ்மீர் பட்டறையில் ஓர் எஞ்சின் முழுதாகச் செய்யப்பட்டது. அது இன்றும் டில்லியில் இருக்கிறது. கைகளுக்குத் திறமை இருந்தது என்பதற்கு அதை விடச் சாட்சி தேவையில்லை. ஆனாலும் பெரும்பாலான எஞ்சின்கள் பிரித்தானியாவிலிருந்தே வந்துகொண்டிருந்தன. சுதந்திரத்துக்குப் பின்னர், 1950இல் சித்தரஞ்சன் தொழிற்சாலை தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

நம்முடைய நாட்டில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு 1865இல் பாதை திறந்தார்கள். யப்பானுக்கு ஏழு வருடம் முன்னர். இன்றும் மட்டக்களப்புக் கோச்சியை இழுத்துக்கொண்டு வரும் எஞ்சின் வெளிநாட்டில் செய்ததுதான். நாமும் அந்நியர் ஆட்சியின் கீழ்தான் இருந்தோம், யப்பான் இருக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு நம் மூதாதையரைக் குறை சொல்வது அநியாயம். ஆனால் இப்போது நம்மை யார் தடுக்கிறார்கள்?

நான் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான். வெளியிலிருந்து வரும் கெட்டிக்காரர் ஒரு நாட்டை உயர்த்துவதில்லை. அவர் பக்கத்தில் யாரை நிற்க வைத்தோம் என்பதுதான் உயர்த்துகிறது. ட்ரெவிதிக் சகோதரர்கள் எங்கும் ஒரே தொழிலைத்தான் கொண்டுபோனார்கள். யப்பான் அந்தத் தொழிலை வாங்கிக்கொண்டது. மற்ற இடங்களில் பெரும்பாலும் சேவையைத்தான் வாங்கினார்கள்.

நம் ஊரிலிருந்து எத்தனை பேர் வளைகுடாவுக்குப் போய் வந்திருக்கிறார்கள்! பத்து, பதினைந்து வருடம் ஏசி வேலை செய்தவர்கள், கிரேன் ஓட்டியவர்கள், வெல்டிங் செய்தவர்கள், பெரிய கட்டடங்களுக்கு வயரிங் செய்தவர்கள். யப்பான் மாதம் 2000 யென் கொடுத்து வரவழைத்த மாதிரியான அனுபவம் நம் தெருக்களிலேயே இருக்கிறது, சம்பளம் கேட்காமல். வந்தவர்களில் பலர் ஒரு கடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களைப் பிழை சொல்லவில்லை. அவர்களிடம் போய், காக்கா, என் மகனை ஆறு மாதம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஓ/எல் பெறுபேறு வந்தவுடன் பிள்ளையை இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். நன்றாகச் செய்தவன் டொக்டர், எஞ்சினியர் ஆகலாம். செய்யாதவன் தொழில் பழகட்டும் என்கிறோம், தண்டனை கொடுப்பதைப் போல. கோபே பட்டறையில் அந்தப் பிரிவினை இருந்திருந்தால் அந்த எஞ்சின் வெளியே வந்திருக்காது. படமும் வேண்டும், தகடு வளைக்கும் கையும் வேண்டும். படம் வரைகிறவனும் கை கறுக்கத்தான் வேண்டும்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். வெளிநாட்டில் தொழில் செய்து வந்த ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவருக்கு என்ன தொழில் தெரியும் என்பதை மட்டும் கீழே எழுதுங்கள். பெயரும் நம்பரும் பொதுவில் வேண்டாம். விடுமுறையில் சனிக்கிழமைகளில் ஐந்தாறு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க விருப்பமானவர்கள் எனக்கு இன்பொக்ஸில் எழுதலாம். பிள்ளைகளைச் சேர்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

வாசித்தவர்கள், முடிந்தால் இதை உங்கள் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.